எங்கள் பக்கமே வளர்ந்த நாணல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் தனியாகப் பேச ஆரம்பிக்கிறது, அதையும் நலத்திலேயே சேர்த்துக்கொள். உன் இருமல் நின்றதா, அந்தக் குளிரில் காலுறை போட்டுக்கொண்டு தூங்குகிறாயா, இதையெல்லாம் முதலில் கேட்டுவிட்டேன், கேட்கவில்லை என்று பிறகு சொல்லாதே. மற்றபடி இந்தக் கடிதத்தை நான் கோபத்தில் எழுதுகிறேன். முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் என் கோபத்தை நேரில் பார்க்கிறவர்கள் சிரித்துவிடுகிறார்கள், போனில் கேட்டால் நீ "என்னம்மா, சளி பிடிச்சிருக்கா" என்கிறாய். எழுத்தில் என்றால் பேனாவை அழுத்தியாவது காட்டலாம் பார்.

விஷயம் உன் நாணல். உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் முதலிலிருந்து சொல்கிறேன், எனக்கே ஒருமுறை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் நான் எங்கே ஏமாந்தேன் என்பது பிடிபடும். உன் சித்தி வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் நடுவில் பின்பக்கம் இருந்த குட்டைச் சுவர் அந்தப் பெருமழையில் படுத்துக்கொண்டதே, அப்போது புதுச் சுவர் எழுப்பலாம் என்று அப்பா சொன்னார். உன் சித்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து நின்றாள். "சுவர் வெச்சா ரெண்டு குடும்பம்னு ஆயிடும்க்கா" என்றாள். எனக்கு நெஞ்சு உருகிப்போயிற்று. அளக்கிறவரையாவது கூப்பிட்டு எல்லையைக் குறித்துக்கொள்வோமா என்று அப்பா கேட்டதற்கு, கூடப் பிறந்தவளுக்கும் எனக்கும் நடுவில் டேப்பைப் பிடிப்பீர்களா என்று நான்தான் அவர்மேல் பாய்ந்தேன். நீ அப்போது செடிகொடிப் படிப்பில் மூழ்கியிருந்தாய், கல்லூரிப் பண்ணையிலிருந்து ஒரு சாக்கு நிறைய இஞ்சி மாதிரி முடிச்சு முடிச்சாக எதையோ கொண்டுவந்து இறக்கினாய். உயிர்வேலி, பச்சைத் திரை, காற்றும் வரும் மறைவாகவும் இருக்கும் என்று சொன்னாய். புல் எங்கே நிற்கிறதோ அதுதான் இரண்டு வீட்டுக்கும் எல்லை என்று நான் தீர்ப்பு வழங்கினேன், எல்லோரும் தேநீர் குடித்தோம். உலகத்தில் யாராவது காலுள்ள ஒன்றை எல்லைக்கல்லாக நடுவார்களா? நான் நட்டேன், தண்ணீரும் ஊற்றினேன்.

அன்றைக்கு நீ பாடம் எடுத்தது எனக்கு இன்னும் மனப்பாடம். இது மரமும் இல்லை செடியும் இல்லை புல் என்றாய், அப்பா "மாடு மேயற புல்லா" என்று கேட்டுவிட்டு உன்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஒருமுறை நட்டால் வருஷா வருஷம் தானே வரும், மாடி ஜன்னலை எட்டும், தண்டு உள்ளே வெறும் குழல், கணுவுக்குக் கணு அடைப்பு, இலை தண்டைக் கையால் பிடித்த மாதிரி சுற்றிக்கொண்டு கிளம்பும், உச்சியில் குஞ்சம் வைக்கும், ஆனால் இந்த ரகத்தின் விதையை நம்பக்கூடாது, முளைக்காது, பரவுவதெல்லாம் மண்ணுக்குள் படுக்கையாக ஓடும் தண்டால்தான் என்றாய். வெயில் வேண்டும், ஈரம் வேண்டும், மண் எப்படி இருந்தாலும் கோபித்துக்கொள்ளாது, உப்புத் தண்ணீரைக் கூடக் குடிக்கும் என்றாய். இத்தனை சொன்னவள் அந்தப் படுக்கைத் தண்டு எந்தத் திசையில் ஓடும் என்பதை மட்டும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, புல்தானே, போக்கிடம் எங்கே என்று நினைத்தேன்.

நீ ஊரைவிட்டுப் போனபிறகு அது வளர்ந்த அழகை உனக்குப் போனில் எத்தனை முறை சொல்லியிருப்பேன். அத்தனையும் நம் பக்கமாகவே வளர்ந்தது. உன் சித்தி பக்கம் சீவிவிட்ட தலை மாதிரி ஒரே நேர்க்கோடு, நம் பக்கம் குருத்துக்குமேல் குருத்து. என் கைராசி என்று நினைத்துக்கொண்டேன். துணி துவைத்த தண்ணீரை அதற்கே திருப்பிவிட்டேன், குழாயில் தண்ணீர் நின்ற நாளில் வாளியில் சுமந்தேன். துணிக்கொடியை ஒருமுறை உள்ளே தள்ளிக் கட்டினோம், அடுத்த வருஷம் இன்னொருமுறை, அப்பாவின் சைக்கிள் கொட்டகையைப் பிரித்துச் சமையலறைச் சுவரோடு ஒட்டிப் போட்டோம். ஒவ்வொரு தடவையும் உன் சித்தி தண்டுகளுக்கு நடுவில் முகத்தை நீட்டி, "உன் கை பட்டா எதுவுமே பொங்குதுக்கா, எங்க பக்கம் பாரு, பேருக்கு நிக்குது" என்பாள். நானும் அந்தப் பாராட்டை முழுசாக விழுங்கிவிட்டு, வருத்தப்படாதேடி, உரம் வேண்டுமானால் தருகிறேன் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறேன். சொன்னேன், உன்மேல் ஆணை. ஊருக்கெல்லாம் பார்வை சோதித்துக் கண்ணாடி மாட்டி அனுப்புகிறவள் நான், என் லட்சணத்தைப் பார்.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். நீ திரும்பி வந்தால் தங்குவதற்குப் பின்பக்கம் ஓர் அறை போடுவது என்று முடிவு செய்தோமே, அதற்கு மேஸ்திரி வந்தார். நான் மனசுக்குள் அந்த அறையைக் கட்டி முடித்து, திரைச்சீலை தொங்கவிட்டு, உன் மேசைக்கும் இடம் ஒதுக்கி வைத்திருந்தேன். மேஸ்திரி நூலைப் பிடித்தார், இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார், "அம்மா, ரூம் போட்டா கட்டில் போட முடியாது, கட்டில் போட்டா ரூம் போட முடியாது, எது வேணும்" என்று கேட்டார். எனக்கு உறைத்தது அப்போதுதான். நான் சின்ன வயதில் பாண்டி ஆடிய இடம், நீ தவழ்ந்த இடம், அது முழுக்க நாணலுக்குள் இருக்கிறது, நாணலுக்கு அந்தப் பக்கம் உன் சித்தியின் தையல் வகுப்புக் கூடம் ஜம்மென்று நீண்டிருக்கிறது. அங்கே பழைய தண்டுகளை அவள் கிழங்கோடு வெட்டி வெட்டி இடம் பண்ணிக்கொண்டிருக்கிறாள், இங்கே புதுக் குருத்து முளைத்து முளைத்து வேலி நம் வீட்டைப் பார்த்து நடந்திருக்கிறது. குரல் கொடுத்தேன். அவள் குளித்த தலையில் துண்டோடு வந்தாள். கொஞ்சம் தள்ளி வெட்டிக்கொள்ளலாமாடி என்று நயமாகத்தான் கேட்டேன். "எங்கக்கா தள்றது? புல்லு நிக்கிற இடம்தான் எல்லைன்னு நீதானே சொன்னே" என்றாள். குரலில் ஒரு பிசிறு இல்லை.

வேர் எவ்வளவு ஆழம் போகிறது பார்த்துவிடலாம் என்று மேஸ்திரி நம் பக்கத்திலிருந்து தோண்டினார். கயிறு திரித்தமாதிரி ஒன்றன்மேல் ஒன்றாகக் கிழங்குத் தண்டுகள், மண்ணே கொஞ்சம்தான் இருந்தது. புதரின் அந்தக் கரையை எட்டியதும் கடப்பாரை டங்கென்றது. கல் என்று நினைத்தோம். தகரம். வேலி நீளத்துக்கு வரிசையாகத் தகரத்தைச் செங்குத்தாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள், புல் நகர நகர அதையும் பிடுங்கி நகர்த்தி நட்டிருக்கிறார்கள் போலிருக்கிறது, அதில் முட்டிய தண்டெல்லாம் மூக்கு மடங்கித் திரும்பி நம் வீட்டைப் பார்க்க வந்திருக்கிறது. ஒரு தகரத்தை மேஸ்திரி நெம்பி எடுத்துத் தண்ணீர் ஊற்றினார், சேற்றுக்குள்ளிருந்து கண்ணாடி போட்ட இரண்டு பெரிய கண்கள் என்னையே பார்த்தன. என் கடையின் பழைய போர்டு. கோழிக்கூண்டுக்குக் கூரை வேண்டும் என்று கேட்டாளே, நானே தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேனே, அதே போர்டு. இத்தனை வருஷம் மண்ணுக்குள் நின்று, வேர் என் பக்கம் வருவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. மேஸ்திரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வேறு யாருடைய போர்டாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

என்னடி இது என்று கேட்டேன். அவள் சண்டை போட்டிருந்தால் தேவலை, நானும் போட்டிருப்பேன், சாயங்காலம் சமாதானம் ஆகியிருப்போம். அவள் துண்டை அவிழ்த்து உதறிக்கொண்டே, "நான் என்னக்கா பண்றது, வேர் அஸ்திவாரத்துக்கு வந்துடுமோன்னு பயந்து உன் பொண்ணுகிட்டதான் கேட்டேன். தகரம் புதைச்சா நிக்கும் சித்தின்னு அவதான் சொன்னா. அம்மாகிட்ட சொல்லாதீங்க, வீணா மனசைக் குழப்பிப்பாங்கன்னதும் அவதான்" என்றாள். நான் மேஸ்திரியின் கடப்பாரையைக் கையில் எடுத்துவிட்டேன், அப்பா பயந்துபோய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவர் தன் பங்குக்கு "விடும்மா, புல்லுதானே" என்றார், அவரை ஒரு பார்வை பார்த்தேன், நாற்காலியை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அதோடும் உன் சித்தி நிறுத்தவில்லை. போகிற போக்கில், மேஸ்திரியை வைத்துக்கொண்டு, "யாருக்குக்கா ரூம் கட்றே? அவ அங்கேயே வீடு பாத்துட்டாளே. உனக்கு இன்னும் சொல்லலியா?" என்றாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள், கடித்தது நிஜமாகவா நடிப்பா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கண்ணு, நிலத்தை விடு. அது போனால் துணியை மாடியில் காயப்போட்டுக்கொள்வேன். தகரத்தையும் விடு, சித்தி வீட்டு அஸ்திவாரத்துக்காக நீ நல்லெண்ணத்தில் ஒரு யோசனை சொல்லியிருப்பாய் என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்துவிட்டேன், வக்கீலுக்குக் கொஞ்சம் தடுமாற்றம்தான், ஏனென்றால் ஒரு பக்கம் அடைத்தால் அது எந்தப் பக்கம் கிளம்பும் என்று படித்துப் பட்டம் வாங்கியவள் நீ, ஆனாலும் போகட்டும். அறை விஷயத்தில்தான் என்னால் முடியவில்லை. போன மாதம் போனில் நீதானே, "ஜன்னலைக் கிழக்குப் பக்கம் வைங்கம்மா, காலையில வெளிச்சம் வரும்" என்றாய்? நீ வரவே போகாத அறைக்கு எதற்கம்மா ஜன்னல்? நான் அந்த வெளிச்சத்தில் உன் மேசையைப் போட்டு அழகு பார்த்துக்கொண்டிருந்தேன், நீ என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காகச் சும்மா சொல்லிக்கொண்டிருந்தாயா? அம்மா வருத்தப்படுவாள் என்று நீங்கள் எல்லோரும் என்னிடமிருந்து ஒவ்வொன்றாக மறைத்து மறைத்து, வீட்டிலேயே விஷயம் தெரியாத ஒரே ஆள் நான் என்று ஆக்கிவைத்திருக்கிறீர்கள். என் வீட்டு மேஸ்திரிக்கு என் மகள் வரமாட்டாள் என்பது எனக்குத் தெரிந்த அதே நிமிஷத்தில் தெரிந்தது. வருத்தத்தைத் தாங்கிக்கொள்வேன், நான் ஒன்றும் கண்ணாடிச் சில்லு இல்லை. உனக்கு வருத்தம் என்றால் முதலில் என்னிடம் வருவாய் என்று நினைத்திருந்தேனே, அதுதான் போய்விட்டது.

இங்கே மற்ற சேதிகள். உன் சித்தப்பா நேற்று அந்தப் போர்டைக் கழுவித் துடைத்து வாசலில் சாத்திவிட்டு மணி அடிக்காமல் ஓடிவிட்டார், மீசை மட்டும்தான் பெரிசு அந்த மனுஷனுக்கு. கடைக்கு வந்த ஒரு வாத்தியார் கண்ணாடி மாற்றியபிறகுதான் தன் பெண்டாட்டிக்கு நரைத்திருப்பதைக் கண்டுபிடித்தாராம், அந்த அம்மா வந்து என்னைத் திட்டிவிட்டுப் போனார். நாணலை அழிப்பது எப்படி என்று விசாரித்தேன். வெட்டினால் முன்னைவிட வேகமாக வருமாம், எரித்தாலும் அடியிலிருந்து துளிர்க்குமாம், கிழங்கில் ஒரு கணு மண்ணில் தங்கினால் போதுமாம், மறுபடி ஒரு புதர். ஒவ்வொரு துண்டாகக் கையால் பொறுக்கி எடுக்க வேண்டும், அதற்குள் என் இடுப்பும் உன் சித்தியின் உறவும் இரண்டும் போய்விடும்.

ஆகையால் கேட்கிறேன். நீ வருவதாக இருந்தால் இரண்டும் போகட்டும், அளக்கிறவரைக் கூப்பிட்டு, நூல் கட்டி, கணுக்கணுவாகப் பொறுக்கி எடுத்து அந்த அறையைப் போடுவேன், ஜன்னல் கிழக்கிலேயே இருக்கும். வரவில்லை என்றாலும் அம்மா உன்னைச் சபிக்கப்போவதில்லை, நல்ல வீடாகப் பார், ஈரம் ஏறாத சுவராகப் பார், சமையலறையில் காற்று வரட்டும். இங்கே நாணல் சமையலறை வாசல் வரைக்கும் வந்து நிற்கட்டும், எனக்குப் பேச்சுத்துணை ஆயிற்று. ஆனால் எதுவானாலும் அதை எனக்கு எழுது. சித்தியிடம் சொல்லக்கூடாது என்று நான் சொல்லவில்லை, என்னிடம் சொல்லிவிட்டு அப்புறம் அவளிடம் சொல்.

நீ எந்த ஊரில் இருந்தாலும் நோய் நொடி இல்லாமல், நாலு பேர் மதிக்க, நீண்ட நாள் நன்றாக இரு. காலுறையை மறந்துவிடாதே.

இப்படிக்கு,
மேஸ்திரியை நாளைக்கு வா, நாளைக்கு வா என்று சொல்லி உன் பதிலுக்காக நிறுத்தி வைத்திருக்கும்
அம்மா