மழையில் எது காயும்

ஜூன் 4, புதன்

காலையில் மானசா போன் செய்தாள். "அப்பா, கடை டயப்பர் வேண்டாம்னு நகுலும் நானும் முடிவு பண்ணியாச்சு. துணி நாப்பிலயே நாலஞ்சு தினுசு இருக்கு, தலை சுத்தறது. நீ பார்த்துச் சொல்லேன். பள்ளிக்கூடத்துல டெஸ்ட் டியூப் வெச்சுண்டு பண்ணுவியே, அந்த மாதிரி."

சரி என்றேன். "பிரசவத்துக்கு இங்கேதானே வரே?" என்பது நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை.

முதல் பிரசவம் பிறந்த வீட்டில் என்பது வழக்கம். ஆனால் இந்தப் பிறந்த வீட்டில் இப்போது நான் ஒருவன்தான். அவள் அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. செம்பூரில் அவள் மாமியார் இருக்கிறார், சமையலுக்கு ஆள் இருக்கிறாள், லிஃப்ட் இருக்கிறது. எங்கே என்று மானசா இன்னும் முடிவு செய்யவில்லை. நான் கேட்டால் எனக்காக வருகிறேன் என்று சொல்லிவிடுவாள். அப்படி வரக்கூடாது. ஆம்பிளை ஒருவன் இருக்கும் வீட்டிலும் எல்லாம் ஒழுங்காக நடக்கும் என்று அவளுக்கே தோன்ற வேண்டும். நாப்பியிலிருந்து தொடங்குகிறேன்.

ஜூன் 8, ஞாயிறு

பார்சல் வந்தது. தினுசுக்கு ஒன்று.

கீழ்வீட்டுத் திருவேங்கடம் மாடிப்படியிலேயே பிடித்துக்கொண்டார். "என்ன சார், குழந்தைச் சாமானா? பொறக்கறதுக்கு முன்னாடி வாங்கப்படாதே!"

"சாமான் இல்லை ஓய், சாம்பிள்."

"பிரம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு நெனச்சேளா?"

சிரித்துக்கொண்டே மேலே வந்தேன். சிரிப்பைத் தொடர வீட்டில் ஆள் இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

மூன்று கிலோ அரிசியை பிளாஸ்டிக் பையில் கட்டி அதற்கு நாப்பி போட்டுப் பார்த்தேன். அரிசிக்கு இடுப்பு கிடையாது. நழுவி நழுவி விழுந்தது. கடைசியில் பையின் நடுவே ஒரு கயிற்றைக் கட்டி இடுப்பு உண்டாக்கினேன். வெந்நீரை டம்ளரில் எடுத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன்.

முதலாவது, வெறும் சதுரத் துணி. நாம்தான் மடிக்க வேண்டும். மேலே நீர் கசியாத ஒரு ஜட்டி. இரண்டாவது, நடுவில் பல மடிப்பு வைத்துத் தைத்தது. மூன்றாவது பை மாதிரி. உள்ளே ஒரு பட்டையைச் செருகிக்கொள்ளலாம். நாலாவதில் எல்லாம் ஒன்றாகத் தைத்திருக்கிறது. மாட்டுவதற்கு அதுதான் சுலபம். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

மானசாவிடம் சொன்னபோது, "அப்போ நாலாவதுதான் ஃபர்ஸ்ட்டா?" என்றாள்.

"இன்னும் பேப்பர் திருத்தலை. பாதிப் பரீட்சைதான் ஆயிருக்கு" என்றேன். சிரித்தாள். எத்தனை நாளாயிற்று, அந்தச் சிரிப்பைக் கேட்டு.

ஜூன் 12, வியாழன்

விடாத மழை. நான்கையும் துவைத்து உள்ளே கொடியில் போட்டு, காற்றாடியைச் சுற்றவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜூன் 14, சனி

மழை பேப்பர் திருத்திவிட்டது. நாலாவது இரண்டு நாளாகியும் காயவில்லை, வாடை வேறு. வகுப்பில் எல்லாப் பாடத்தையும் ஒரே நோட்டில் எழுதும் பையன் ஒருவன் இருப்பான். பை இலேசாக இருக்கும், பார்க்கச் சாமர்த்தியம். நோட்டு நனைந்தால் கணக்கும் போச்சு, பூகோளமும் போச்சு. இது அந்த ரகம். பை நாப்பியில் பை காய்ந்தது, பட்டை காயவில்லை. மடித்துத் தைத்தது மறுநாள் காய்ந்தது. சதுரத் துணி மட்டும், காலையில் போட்டது மத்தியானம் மொரமொரவென்று இருந்தது. விரித்தால் ஒரே சுற்றுத் துணி. காற்று புகுந்து புறப்பட இடம் இருக்கிறது.

மும்பை ஜூலையில் பிறக்கப்போகும் குழந்தைக்குச் சதுரம்தான். ராத்திரிக்கு மட்டும் மடித்துத் தைத்ததில் சில.

ஜூன் 17, செவ்வாய்

தாராவிக்குப் போய் மெல்லிய பருத்தித் துணி வாங்கி, தையல்காரர் மாரிக்கண்ணனிடம் சதுரமாக வெட்டச் சொன்னேன். முன்னால் வாங்கக்கூடாது என்ற விஷயத்தையும் தயக்கத்தோடு சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தாமலே, "அதுக்கென்ன சார், வெட்டித் தந்துடுதேன். ஓரம் அடிக்காம கெடக்கட்டும். ஓரம் அடிச்சாத்தானே லங்கோட்டு? இப்பம் வெறுந் துணிதானே? புள்ள பொறந்த அன்னைக்கு ஒரு போன் போடுங்க, சாயங்காலத்துக்குள்ள அடிச்சிருவேன்" என்றார்.

திருவேங்கடத்திடம் சொன்னேன். "பிரம்மாவையே கோர்ட்டுக்கு இழுத்துடுவேள் போலிருக்கே!" என்றார்.

ஜூன் 21, சனி

புதுத் துணியைப் பல தடவை அலசினால்தான் ஈரம் உறிஞ்சும். அலசினேன். கடைசி அலசலில், வாசனையாக மெத்தென்று இருக்கட்டுமே என்று கம்ஃபர்ட்டை ஒரு மூடி விட்டேன். காய்ந்ததும் வெண்ணெய் மாதிரி இருந்தது. தண்ணீர் விட்டுப் பார்த்தால், சேப்பங்கிழங்கு இலையில் உருளுவதுபோல முத்து முத்தாக உருண்டு தரைக்குப் போயிற்று. ஒட்டவே இல்லை. முப்பத்தைந்து வருடம் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தவன்! துணியை மெத்தென்று ஆக்கும் பூச்சு தண்ணீரைத் தள்ளும் என்று தெரிய வேண்டாமா?

வெந்நீரில் எல்லாவற்றையும் மறுபடி அலசினேன். தோள்பட்டை விட்டுப்போகிறது.

ஜூன் 25, புதன்

மானசா போனில், "அப்பா, நீ பண்றதையெல்லாம் நகுல்கிட்டச் சொன்னேன். 'உங்கப்பாவாத்துலயே இருந்துடு, எல்லாம் ரெடியா இருக்கே'ங்கறான்" என்றாள். விளையாட்டுக்குச் சொன்னாளா, இல்லையா? விளையாட்டுக்கு என்றால் குரல் ஏன் கொஞ்சம் தாழ வேண்டும்?

உள் அறைக் கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். தொட்டில் கொக்கியில் எண்ணெய் விட்டேன்.

ஜூன் 30, திங்கள்

ஸ்கேன் எடுத்தார்களாம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறதாம். படி ஏறக்கூடாது, அலையக்கூடாது, எந்த நிமிஷமும் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். இங்கே மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது.

"அங்கதான் வரணும்னு இருந்தேன்ப்பா" என்றாள். அழுதாள்.

"அசடு. எங்க இருந்தா என்ன, பஸ் ஏறினா அரை மணி" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஆனா மனசு கேக்கறதா? மாடிதானே, ஒரே ஒரு தடவைதானே ஏறணும், நாற்காலியில உக்கார வெச்சுத் தூக்கிண்டு வந்துட மாட்டேனா நான் — அறுபத்தெட்டு வயசு, தூக்கறானாம். குழந்தை நன்னா வரணும். அது போதும். வேற ஒண்ணும் வேண்டாம்.

இதுவரை எழுதிய பிறகும், வேண்டும் என்றுதான் இருக்கிறது.

ஜூலை 1, செவ்வாய்

அரிசியைத் திரும்பவும் டப்பாவில் கொட்டினேன்.

ஜூலை 19, சனி

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கையில் வாங்கினேன். இடுப்பு இருக்கிறது.

மாரிக்கண்ணனுக்கு ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே போன் செய்தேன். சொன்ன சொல் தவறவில்லை.

ஜூலை 31, வியாழன்

தீட்டுக் கழிக்கும் புண்யாகவசனம் நேற்று முடிந்தது. இன்று செம்பூருக்குப் போனபோது மானசாவின் முகம் சரியாயில்லை. குழந்தைக்குக் கடை டயப்பர் கட்டியிருந்தது. தொடை இடுக்கு சிவந்திருந்தது. நான் கொடுத்த துணியெல்லாம் ஓர் ஓரமாக அடுக்கியிருந்தது.

மானசாவின் மாமியார் ஷ்யாமளா மாமி என்னைப் பார்த்ததும் தானாகவே சொன்னார். "தப்பா நெனச்சுக்காதேங்கோ சார். வேலைக்காரி அதைத் தொட மாட்டேங்கறா. எனக்கு முட்டி மடங்கலை, குந்தி உக்காந்து கசக்க முடியலை. பால்கனியில கொடி கட்டப்படாதுன்னு சொசைட்டில சட்டம். மழை வேற."

அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. உண்மையைத்தான் சொன்னார்.

"துணியை என்கிட்டக் குடுங்கோ மாமி. நான் தோய்ச்சு உணத்திக் கொண்டு வரேன்."

"ஐயோ ராமா! சம்பந்தி கையால இதைத் தோய்க்கறதா? கேக்கறவா சிரிப்பா!"

"நாலாங்கிளாஸ்லேருந்து எத்தனை பிள்ளைகளோட மூக்கைத் துடைச்சிருக்கேன் மாமி. இது அதைவிடச் சுத்தம்."

மானசா சிரித்துவிட்டாள். தையல் வலிக்கிறது என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையில் மடித்ததைக் கொண்டுபோகிறேன். நேற்றையதை மூடி போட்ட டப்பாவில் வாங்கிவருகிறேன். இன்று பஸ்ஸில் பக்கத்திலிருந்தவர் மூக்கைச் சுளித்து ஜன்னலைத் திறந்தார். மழை உள்ளே அடித்தது. இரண்டு பேரும் நனைந்தோம். நான் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிவப்பு வடிந்துவிட்டதாம். மானசா போட்டோ அனுப்பியிருந்தாள்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கடைசியில் கேட்டே விட்டேன். "மூணு மாசம் ஆனதும் குழந்தையை அங்கே ஒரு வாரம் கொண்டு வரயா?"

மானசா, மாமியார் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தாள். "பாக்கலாம்ப்பா."

'நாளைக்கு எழுதிண்டு வரேன் சார்' என்று சொல்லும் பிள்ளைகளின் முகம் எனக்குத் தெரியும். ஈரத் துணியை ரப்பர் ஷீட்டில் சுற்றி டப்பாவில் வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கொஞ்சம் வெயில். ஜன்னல் கம்பி முழுக்கச் சதுரம் சதுரமாகக் கட்டினேன். எதிர்க் கட்டிடத்தில் ஒரு பெண்மணி, எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், பேசியதில்லை. இன்று கையில் தேநீர்க் கோப்பையோடு ஜன்னலுக்கு வந்து, "லட்கா யா லட்கி?" பையனா, பெண்ணா என்று உரக்கக் கேட்டார்.

"லட்கி" என்றேன்.

அவர் முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை நாளாகத் துணி காய்வதைப் பார்க்கிறாராம். ஒரு தடவைகூட அழும் சத்தம் கேட்டதில்லையாம். இவ்வளவு சமத்தான குழந்தை எந்த வீட்டில் உண்டு என்றார்.

"ஆமாம், ரொம்பச் சமத்து" என்றேன்.

அவர் உள்ளே போகும்வரை நின்றிருந்தேன். பிறகு, சத்தம் போடாமல் ஜன்னல் கதவைச் சாத்தினேன்.