அந்த நீல மணி என்னுடையது

அண்ணை,

நேற்று றங்குப்பெட்டியைத் திறந்து என் கூறைச் சேலையை வெயிலில் உதறினேன். மடிப்பிலிருந்து அந்த நீல மணி விழுந்தது. மகள் எடுத்துப் பார்த்துவிட்டு, "அம்மா, உது ஆரின்ரை?" என்று கேட்டாள்.

நீங்கள் கப்பலில் வேலை செய்த காலத்தில் எகிப்திலிருந்து எனக்கென்று கொண்டுவந்தது. செம்பில் கண்ணாடித் தூளை உருக்கிப் பிடித்த வேலை. நீலத்தின் நடுவே நான்கு வெள்ளை இதழ். நம் வீட்டு எனாமல் கோப்பைக்கு இது பாட்டியின் அம்மா, பூட்டி முறை என்று சிரித்தீர்கள். அந்நாட்டுப் பழைய கிறிஸ்தவர்களான கொப்தியர் ஆயிரம் வருடத்துக்கு முன் செய்தது என்று கடைக்காரன் சத்தியம் பண்ணினானாம். நீங்கள் பாதிதான் நம்பினீர்கள். அந்த நீலம் எனக்குப் பிடிக்கும் என்பதை மட்டும் முழுதாக நம்பினீர்கள்.

எனக்குக் கலியாணம் பொருந்தி வந்திருந்த நேரம். என் தலையணை உறைக்குள் அம்மா அதைக் கண்டெடுத்தார். அவருக்கு இதழ் தெரியவில்லை, சிலுவைதான் தெரிந்தது. யாருடையது என்று கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் கோயில் காரியம் பார்ப்பவர்கள். சம்பந்தம் நின்றுவிடும் என்ற பயத்தில், அண்ணையுடையது, என்னிடம் வைக்கத் தந்தவர் என்று சொல்லிவிட்டேன். பக்கத்தில் நின்ற நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள்.

"ஓம் அம்மா, என்ரைதான்."

கிறிஸ்தவ வேதத்துக்கு மாறினவனுக்கு இந்த வீட்டில் இடமில்லை என்று அம்மா மணியை முற்றத்தில் எறிந்தார். நான் பிறகு போய்ப் பொறுக்கி எடுத்தேன். வீட்டை விட்டுப் போகையில் வாசல் படலையடியில் நீங்கள் என்னிடம் கோபப்படவில்லை. "உன்ரை கலியாணம் முடியட்டும், பிறகு சொல்லு. நான் வாறன்."

கலியாணம் முடிந்தது. நான் சொல்லவில்லை. முதலில் மாமியாருக்குப் பயம். பிறகு, இவ்வளவு நாள் ஏன் மறைத்தாய் என்ற கேள்விக்குப் பயம். அதற்குள் கப்பல்காரர்களின் கடிதம் வந்துவிட்டது: நீங்கள் காய்ச்சலில் போய்விட்டீர்களாம், அங்கேயே கிறிஸ்தவர்களின் சேமக்காலையில் அடக்கம் செய்துவிட்டார்களாம். தான் நினைத்தது சரிதான் என்று அம்மாவுக்கு ஆகிவிட்டது.

"வேதக்காரனுக்கு என்ன அந்தியேட்டி?"

இறந்தவருக்கான அந்தக் கிரியைக்குக் கீரிமலைக் கடற்கரைக்கு ஒருவரும் போகவில்லை. முப்பத்தோராம் நாள் நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். உங்களுக்கு ஒரு பிடி எள்ளும் தண்ணீரும் இல்லாமல் செய்தது அம்மா இல்லை அண்ணை, நான்.

அம்மா இப்போது படுத்த படுக்கை. காது மட்டும் கூர்மை. நேற்று மகள் கேட்டபோது அடுத்த அறையில் விழித்துக்கொண்டுதான் கிடந்தார். இனி இப்படி ஒரு நேரம் வாய்க்காது என்று எனக்குத் தெரியும். என்னுடையது என்ற ஒரு சொல் போதும்.

"உன்ரை மாமாவின்ரை," என்றேன்.

இதற்கும் நீங்கள் ஓம் என்றுதான் சொல்வீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.