இரண்டு பச்சைச் சுடிதார்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலேயே வெயில். சைக்கிள் ஹேண்டில்பாரில் கை வைக்க முடியவில்லை. வேலை பார்க்கும் போட்டோ ஸ்டுடியோவில் பின்திரைத் துணிகளுக்கு இஸ்திரி. நீலப் பூ, மஞ்சள் கட்டம், அப்புறம் அந்தச் சிவப்புச் சுழி. அதன் முன்னால்தான் போன வருஷப் பிறந்தநாளுக்கு ஸ்டுடியோக்காரர் டுண்டே அங்கிள் என்னையும் என் இரட்டைச் சகோதரி கயலையும் எடுத்தார். ஒரே மாதிரி பச்சைச் சுடிதார். கயல் சிரிக்கிறாள். அவள் தோளுக்குப் பின்னால் நான், பாதி முகம்.

வெள்ளிக்கிழமை கயலுக்கு முதல் வருஷத் திதி.

அம்மா போனில்: "அந்த பர்த்டே போட்டோல உன்னை கட் பண்ணிட்டு அவளை மட்டும் பெருசா பிரிண்ட் பண்ணச் சொல்லுடி. மாலை ஆர்டர் பண்ணியாச்சு."

வேறு தனிப்படம் உருப்படியாக இல்லை. செல்ஃபி எல்லாவற்றிலும் நாக்கை நீட்டியிருக்கிறாள், கழுதை.

ஆக. 5, செவ்வாய்

கேட்டேன். அங்கிள் தலையை ஆட்டிவிட்டார். "இரட்டையரை வெட்ட மாட்டேன்." நைஜீரியாவில் அவருடைய ஊரில், இரட்டையரில் ஒருவர் போய்விட்டால், மற்றவரை இரண்டு தடவை எடுத்து ஒரே படத்தில் பக்கத்துப் பக்கத்தில் வைப்பார்களாம்.

"முதலில் பிறந்தது யார்?"

"கயல்."

"அப்படியானால் எங்கள் ஊர் வழக்கப்படி நீதான் அக்கா. உலகம் எப்படி இருக்கிறதென்று பார்த்துவர, தங்கையை முன்னால் அனுப்பியிருக்கிறாய்."

நானா! ஐஸ்கிரீம் கடையில்கூட எனக்கும் சேர்த்து அவள்தான் கேட்பாள். அவள் போனபின் பள்ளியில் வாயே திறக்கவில்லை. படிப்பு பத்தாவதோடு நின்றது.

ஆக. 6, புதன்

இரண்டு சுடிதாரும் பையில். முதலில் என்னுடையது, இடப்பக்க ஸ்டூல். பிறகு கயலுடையது, வலப்பக்கம். கைப்பக்கம் ஊறுகாய்க் கறை, அவள் வைத்தது.

"இது அவள் முகம் இல்லையே," என்றார் அங்கிள்.

நாக்கை நீட்டினேன். அவர் சிரித்துவிட்டார். நானும், பல் தெரிய. அதற்குள் எடுத்துவிட்டார்.

அம்மா திட்டுவாளோ.

ஆக. 8, வெள்ளி

திதி முடிந்தது. அப்பா படத்தை மாட்டினார். அம்மா சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு வந்தாள், நின்றுவிட்டாள்.

"கயல்..." பிறகு இடப்பக்கம் பார்த்து, "இது நீயா? நேரா பார்க்கறியே!"

அப்பா மாலைக் கவரை நீட்டினார்.

"எப்படிங்க போடறது? இவ மேலயும்ல விழும்."

அம்மாவின் விரலில் சந்தனம் காய்ந்துவிட்டது. அதை என் நெற்றியில் தேய்த்துவிட்டுச் சாப்பாடு போடப் போனாள்.

மாலை ஃப்ரிட்ஜில். கவரைப் பிரிக்கவில்லை.