காலையில் இறங்காத கம்ப்யூட்டர்

மாப்ள,

இன்று காலை எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் ஓர் ஆள் தொங்கினான். தலை இல்லை. கையும் காலும் மட்டும் கறுப்பாகக் காற்றில் ஆடின. பால் பாக்கெட் போட வந்தவர் கேட்டைத் திறந்த கையோடு நின்றுவிட்டார்.

"என்னங்க அது?"

"பாப்பா கடலுக்குள்ள முங்கப் போடுற ரப்பர் சட்டைங்க. அலசிப் போட்டிருக்கா."

பாக்கெட்டைக் கேட்டுக்கு வெளியிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பக்கத்தில் போய் நின்றேன். ஈர ரப்பரும் உப்பும் கலந்த அந்த வாடை. மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். நீ போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நெஞ்சு வலிக்கிறது என்று ஆட்டோவில் ஏறினாயாம், அரியலூர் ஆஸ்பத்திரி வாசலில் இறங்குவதற்குள் முடிந்துவிட்டதாம். அத்தனை ஆழம் போய்த் திரும்பியவனுக்கு அந்த ஆட்டோ போன தூரம் அதிகமாகிவிட்டது.

மகள் நாளை மறுநாள் அந்தமானுக்குக் கிளம்புகிறாள். சுற்றுலாக்காரர்களுக்கு மீன் காட்டும் வேலையை இரண்டு வருடம் பார்த்தாள். இனி ஆழத்துக்கு இறங்கும் பயிற்சியாம், நீயும் நானும் போன ஆழம். அவள் கிளம்புவதற்குள், அவளுக்கு நான் சின்ன வயதில் சொல்லிவைத்த ஒரு பொய்யைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. அது உன்னைப் பற்றிய பொய் என்பதால்தான் இந்தக் கடிதம்.

கடலே இல்லாத இரண்டு ஊர்க்காரர்கள் நாம். ஐ.டி.ஐ.யில் வெல்டர் படித்தோம். படித்தோம் என்பதை நீ சொல்லலாம், நான் சொன்னால் வாத்தியார் சண்டைக்கு வருவார். தண்ணீருக்கடியில் வெல்டிங் பிடிக்க ஆள் எடுக்கிறார்கள் என்றதும் இரண்டு பேரும் மும்பைக்கு ரயில் ஏறினோம். "கடல் ஜில்லாவா?" என்று அங்கே கேட்டபோது, அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கத்தில் கல்லாகிக் கிடக்கும் சிப்பிகளைச் சொல்லி நீ ஒரு பதில் கொடுத்தாய்: "எங்க ஊர்லயும் கடல் இருந்துச்சு சார். நாங்கதான் லேட்டாப் பொறந்துட்டோம்." அந்த ஒரு பதிலுக்காகவே உன்னை எடுத்திருப்பார்கள். உன் கூட நின்றதால் என்னையும் எடுத்தார்கள்.

இந்தத் தொழிலில் இறங்குவது பெரிய விஷயமில்லை, ஏறுவதுதான் விஷயம். மகளுக்கு நான் சோடா பாட்டிலை வைத்து விளக்கியிருக்கிறேன். ஆழத்தில் இழுக்கும் காற்று உடம்புக்குள் கரைந்துவிடும். அங்கங்கே நின்று மெதுவாக ஏறினால் மூச்சோடு வெளியே போய்விடும். அவசரப்பட்டால் மூடியைத் திறந்த சோடா மாதிரி உடம்புக்குள் குமிழ் கிளம்பும். மூட்டில் கிளம்பினால் வலி. முதுகுத்தண்டில் கிளம்பினால் அப்புறம் நடையே கிடையாது. எத்தனை அடியில் எத்தனை நிமிடம் நிற்பது என்பதில்தான் உயிர் இருக்கிறது. காலையில் கரைந்ததில் மிச்சம் மதியமும் உடம்பில் இருக்கும் என்பதால், ஒரே நாளில் இரண்டாம் முறை இறங்குகிறவன் இன்னும் அதிக நேரம் நிற்க வேண்டும்.

அதற்கு நீ வைத்திருந்தது ஓர் அட்டவணை. பிளாஸ்டிக் உறை போட்ட அட்டை, முழுக்கக் கட்டம் கட்டமாக எண்கள். ஆழத்தையும் நிமிடத்தையும் பார்த்து, கணக்கு இரண்டு கட்டத்துக்கு நடுவில் விழுந்தால் நீ எப்போதும் பெரிய கட்டத்துக்குப் போவாய். "நடுவுல நிக்க இது என்ன பஸ்ஸா? அடுத்த கட்டத்துக்குப் போடா" என்பாய். நான் வைத்திருந்தது மணிக்கட்டில் கட்டும் கம்ப்யூட்டர். எந்த விநாடி எந்த ஆழத்தில் இருந்தேன் என்று கூடவே வந்து கணக்குப் போடும். அதனால் உன் அட்டை இருபது நிமிடம் நில் என்றால் அது பன்னிரண்டு போதும் என்று விட்டுவிடும். நான் படகில் ஏறி டீ குடித்து முடிக்கும்வரை நீ கீழே கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பாய்.

"சர்ச்சுக்குப் போற வேதக்காரன் ஒக்காந்து ஜாதகக் கட்டம் பாக்குறான் பாருங்கடா" என்று படகே சிரிக்க நான் சொன்னதுண்டு.

"ஒனக்கும் சேத்துத்தான் பாக்குறேன் மச்சான். ஆயுசு கொஞ்சம் இழுபறியா இருக்கு" என்றாய்.

அந்த நாள் உனக்கும் மறந்திருக்காது. மூழ்கிய சரக்குப் பார்ஜ் ஒன்றிலிருந்து இரும்பை அறுத்து எடுக்கும் வேலை, நாற்பது மீட்டருக்கும் கீழே. காலையில் நான் இறங்கினேன், நீ படகில் கயிறு பிடித்தாய். அப்போது உனக்குத் தெரியாதது ஒன்று. என் கம்ப்யூட்டர் அன்று காலை என் கையில் இல்லை. வேறொரு படகில் ஆழமில்லாத வேலைக்குப் போன ஒருவன் ஆசைப்பட்டுக் கேட்டான், பெருமையாகக் கழற்றிக் கொடுத்துவிட்டேன். வீட்டில் இருக்கும் ஒரே சைக்கிளை மாற்றி மாற்றி ஓட்டுகிற ஊர்க்காரப் புத்தி. காலையில் நீ கயிற்றை இழுத்துக் காட்டிய கணக்கை நம்பித்தான் நின்று நின்று ஏறினேன். அத்தனை நாள் உன் கட்டத்தைக் கேலி செய்துவிட்டு, அதே கட்டத்தில்தான் உயிரோடு வந்தேன் என்று உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

மதியம் கம்ப்யூட்டர் திரும்பி வந்தது. கட்டிக்கொண்டேன். இரண்டு பேரும் ஒன்றாக இறங்கினோம். கயிற்றில் நீ கூடுதலாக இரண்டு காற்றுச் சிலிண்டர்களைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாய். "வாழைத்தார் கட்டியிருக்கான், கல்யாணம் யாருக்கு?" என்று அதற்கும் ஒரு கேலி.

வேலை முடிந்து ஏறினோம். ஆறு மீட்டரில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் என் கம்ப்யூட்டர் போகலாம் என்றது. கட்டைவிரலை மேலே காட்டிவிட்டுக் காலை உதைத்தேன். தோள் வாரில் ஒரு பிடி விழுந்தது. என் மணிக்கட்டைத் திருப்பி அந்த எண்ணைப் பார்த்தாய். காலையில் ஆழம் போனவனுக்கு மதியம் இவ்வளவு சின்ன எண் வராது என்று உனக்கு உடனே பட்டிருக்கிறது. தண்ணீருக்குள் எழுதும் பலகையை எடுத்து எழுதினாய்: "காலையில நீ எறங்குன. இது எறங்குச்சா?"

என் கண்ணைப் பார்த்தே புரிந்துகொண்டாய். நான் நிற்க வேண்டிய நிமிடத்தைக் கீழே "43" என்று எழுதி வட்டம் போட்டாய். அந்த வாழைத்தார்க் காற்றை இழுத்துக்கொண்டு, நிமிடம் முடியும்வரை வாரை விடவேயில்லை.

இதுதான் நடந்தது. மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது கேட்டாள், "நீ கடலுக்குள்ள யாரையாச்சும் காப்பாத்திருக்கியாப்பா?" அந்தக் கண்ணைப் பார்த்து, என்னைத்தான் காப்பாற்றினார்கள் என்று எந்த அப்பன் சொல்வான்? ஆளை மாற்றிவிட்டேன். மாமா பழைய அட்டையை நம்பி மேலே போகப் பார்த்தார், அப்பா கம்ப்யூட்டரைப் பார்த்து அவர் காலைப் பிடித்து இழுத்தேன் என்றேன். அடுத்த முறை நீ வீட்டுக்கு வந்திருந்தபோது உன் முன்னாலேயே கதையைச் சொல்லச் சொன்னாள். எனக்கு வேர்த்துவிட்டது. நீ முழுக்கக் கேட்டாய். "ஆமா பாப்பா, ஒங்கப்பா இல்லன்னா நான் இல்ல" என்று சொல்லி இன்னொரு காபி கேட்டாய். பஸ் ஸ்டாண்டில் விடும்போதுதான் வாயைத் திறந்தாய். "கதை நல்லாத்தான் இருக்கு மச்சான். என் காலப் புடிச்சு இழுத்தேன்னு சொல்றியே, அத மட்டும் மாத்திக்க. கேக்குறப்ப என்னைய நெனைச்சா எனக்கே பாவமா இருக்கு." சிரித்துக்கொண்டே அரியலூர் பஸ்ஸில் ஏறிவிட்டாய்.

நேற்று சாயங்காலம் அவள் பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீருக்குள் எழுதும் பலகை ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

"இது எதுக்குப்பா, எடம் அடைக்குது. கையில கம்ப்யூட்டர் இருக்கு."

"கணக்க எழுதிக்கிட்டுத்தான் எறங்கணும்மா. அந்தக் கம்ப்யூட்டரே பொய்யா இருந்துச்சுன்னா?"

"எழுதச் சொல்லுவாங்க, பேருக்கு ரெண்டு நம்பர் கிறுக்கிக்கலாம். நீயே இப்படிப் பேசுற பாரு. அட்டையப் பாத்து மேல வந்த மாமாவ நீதான கம்ப்யூட்டர வச்சுக் காப்பாத்துன!"

கேட்டாயா, மாப்ள? நான் விளையாட்டாக மாற்றிவைத்த ஆளை நம்பி என் பிள்ளை அந்த ஆழத்துக்கு இறங்கப் போகிறாள். உட்கார் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். கம்ப்யூட்டரைக் கழற்றிக் கொடுத்தது, வெட்கப்பட்டு மறைத்தது, நீ வாரைப் பிடித்தது. சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பெட்டியின் ஜிப்பைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் திட்டவில்லை. பெட்டியை ஓரமாகத் தள்ளிவைத்தாள். அப்புறம் கேட்டாள், "காலையிலயும் மதியமும் எவ்ளோ ஆழம்? கீழ எத்தன நிமிஷம் இருந்தீங்க?" சொன்னேன். பெற்ற பிள்ளை பெயரைக் கூப்பிடும்போதே தடுமாறுகிற எனக்கு அந்த எண்கள் மட்டும் மறக்கவில்லை. போனில் அட்டவணையை எடுத்தாள். உன்னைப் போலவே பெரிய கட்டத்துக்குப் போனாள், நான் சொல்லிக்கொடுக்காமலே. என் கணக்கைப் போட்டுப் பார்த்தாள். நாற்பத்து மூன்று.

"மாமா கரெக்டாத்தான் போட்டிருக்காரு. சரி, அன்னிக்குக் காலையில மாமாவும் எறங்குனாரா?"

"இல்ல. அவன் படகுல கயிறு புடிச்சான்."

மறுபடி கட்டத்தில் விரலை வைத்தாள். எடுக்கவேயில்லை.

"என்னம்மா?"

"மாமாவுக்குப் பதினோரு நிமிஷம்தாம்ப்பா."

"எது?"

"அவரு நிக்க வேண்டியது. காலையில எறங்காத ஆளுக்கு அவ்ளோதான் வருது. பதினொண்ணுல அவரு மேல போயிருக்கலாம்."

இத்தனை வருடத்தில் எனக்கு இது தோன்றியதே இல்லை, மாப்ள. இரண்டு பேரும் ஒன்றாக இறங்கினோம், ஒன்றாக நின்றோம், இரண்டு பேருக்கும் ஒரே கணக்கு என்றே நினைத்திருந்தேன். உன் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்க என் தலைக்கு எட்டவில்லை. போட்டவள் என் மகள். பலகையை அவளே எடுத்து அழுத்தி எழுதினாள்: ஆழம், நிமிடம், நிற்கும் இடங்கள். கடைசியில், கூட இறங்குகிறவரின் பெயருக்கும் அவர் காலையில் இறங்கினாரா என்பதற்கும் ஒரு கட்டம் போட்டாள்.

நான் உன்னிடம் பட்டிருக்கும் கடன் முப்பத்திரண்டு நிமிடம் என்று நேற்றுத்தான் தெரிந்தது. அந்த முப்பத்திரண்டும் உனக்குத் தேவையில்லாதவை. அன்று உதடு நீலம் பாரித்து நீ படகில் ஏறியபோது, என்னைத் திட்டுவாய் என்று காத்திருந்தேன். "பசிக்குதுடா, காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்புடல" என்றாய். அதற்கும் நான் ஏதோ கேலி பேசினேன்.