வரைந்தவன் எங்கே நின்றான்?

என் சிவகாமிக்கு,

நலமா என்று தொடங்கித்தான் எனக்குப் பழக்கம். இந்தக் கடிதத்தில் அதை எழுத வராமல் பேனாவை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தேன். அதனால் செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஓவியப் புத்தகத்தின் அடுத்த பாடத்தைப் பிரித்துவிட்டேன். நீ இல்லாமல்.

உனக்குக் கோபம் வரும். வரட்டும். அதற்கு முன், இதை அச்சில் படிக்கப்போகிறவர்களுக்காக நமக்குத் தெரிந்த கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த வருஷம், மதராஸில் ஒரு பழைய புத்தகக் கடையில் அதை வாங்கி வந்தேன். மறுமலர்ச்சிக் காலத்திலிருந்து இந்த நூற்றாண்டு வரை மேல்நாட்டு ஓவியத்தின் வரலாறு. படங்களெல்லாம் கறுப்பு வெள்ளை. வண்ணம் உன் ஊகம். நான் ஆண்கள் பள்ளியில் சரித்திர வாத்தியார், நீ பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். எனக்கு இங்கிலீஷ் வரும், உனக்குப் படம் புரியும். ஆளுக்குப் பாதிக் கண் என்பாய்.

சில பழைய புத்தகங்களில் தாள்கள் மடிப்போடு ஒட்டியே இருக்கும். கத்தியால் மடிப்பை வெட்டினால்தான் அடுத்த பக்கம் தெரியும். நம்முடையதும் அப்படித்தான். வெட்டுவது உன் வேலை, படித்துத் தமிழில் சொல்வது என் வேலை. ஒருவரை விட்டு ஒருவர் முன்னால் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை நாலு பக்கம், அதுவும் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள் இல்லாத ஞாயிறாக இருந்தால். பிள்ளை இல்லாத நம் வீட்டில் அந்தப் புத்தகம்தான் மெதுவாக வளர்ந்தது.

வாசகசாலையில் நீ பேசிய நாள் நினைவிருக்கிறதா? வாசல் பலகையில் ‘மறுமலர்ச்சி – சொற்பொழிவு’ என்று எழுதி வைத்துவிட்டார்கள். அந்த நாளில் மறுமலர்ச்சி என்றால் கட்சிக் கூட்டம் என்றுதானே ஊருக்கு அர்த்தம்? குடுமியான்மலைப் பக்கத்திலிருந்துகூட ஆள் வந்துவிட்டது. நீ இத்தாலியைத் தொட்டதும் தோளில் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் எழுந்தார்.

“ஏம்மா, விசயத்துக்கு எப்ப வருவீங்க?”

“எந்த விசயத்துக்குங்க?”

“எலெக்சனுக்குத்தான்.”

“இது இத்தாலிக்காரங்க மறுமலர்ச்சிங்க. அங்கிட்டு எலெக்சன்லாம் முடிஞ்சு போச்சு. உக்காருங்க, படம் காட்டுறேன்.”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நீ கரும்பலகையில் தண்டவாளம் வரைந்தாய். ஸ்டேஷனில் நின்று காரைக்குடிப் பக்கம் பார்த்தால் இரண்டு தண்டவாளமும் தூரத்தில் ஒரு புள்ளியில் சேர்வது போலத் தெரியுமே, அந்தக் கணக்கைத்தான் அந்த ஓவியர்கள் பிடித்தார்கள், ஓர் இடத்தில் அசையாமல் நின்று பார்ப்பது போல வரைந்தார்கள் என்றாய். பெரியவர் கடைசி வரை இருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது நீ கேட்டாய்.

“அத்தான், நம்ம சித்தன்னவாசல் குகைக் கூரையில அந்தக் குளம் இருக்குல்ல? எல்லாத்தையும் ஒரே பக்கத்துல நின்னா பாக்குறோம்? தண்ணிய மேல இருந்து பாக்குறோம், யானையப் பக்கத்துல நின்னு பாக்குறோம். வரைஞ்சவன் எங்க நின்னான்?”

“அவனுக்கு இந்தக் கணக்குத் தெரியாது.”

“தெரியாதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னது? ஒரு எடத்துல நிக்கப் பிடிக்காம, குளத்தச் சுத்தி வந்து வரைஞ்சிருந்தா?”

“புத்தகத்துல அப்படி இல்லயே.”

“புத்தகம் இன்னும் முடியலயே.”

நான் நடையை எட்டிப் போட்டேன். 

நீ வயிற்றுக் கட்டியோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது நாம் கடைசிப் பகுதியின் வாசலில் இருந்தோம். தினமும் சாயங்காலம் புத்தகத்தைத் துணிப்பையில் கொண்டுவந்து, படித்து முடித்த பாடங்களையே திரும்பப் படித்தேன்.

“பழைய பாடத்தையே ஒப்பிக்கிறீங்க. இன்ஸ்பெக்டர் வாராரா?” என்றாய். பிறகு, “அடுத்ததுல என்ன அத்தான் இருக்கு? கத்தி என் பென்சில் பெட்டில இருக்கு. நாளைக்கு எடுத்துட்டு வாங்க.”

“வீட்டுக்கு வா. நீயே வெட்டு.”

“லஞ்சமா குடுக்குறீங்க?”

பக்கத்துக் கட்டிலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்த நர்ஸ் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அது என் வகுப்பறைத் தந்திரம், சிவகாமி. ஒரு யுத்தத்தைச் சொல்லும்போது யார் ஜெயித்தார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் மணியடிக்க விட்டுவிடுவேன். மறுநாள் எந்தப் பையனும் மட்டம் போட மாட்டான். வேலைக்காலம் முழுக்க எனக்குக் கைகொடுத்தது உனக்கும் ஆகும் என்று நினைத்தேன். அடுத்த பாடத்தை மூடி வைத்தால் அதற்காகவாவது நீ எழுந்து வருவாய் என்று. டாக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்ன பிறகும் மூடியேதான் வைத்திருந்தேன். வெட்டினால் அவர் சொன்னதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயமா? அதற்கு மறுநாளிலிருந்து நீ கேட்கவே இல்லை. நானாக ஏன் கத்தியை எடுத்து வரவில்லை?

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. போன ஞாயிறு வெட்டினேன். உன்னைப் போல நேராக வரவில்லை, ஓரம் பிசிறிவிட்டது. முதல் படத்தைப் பார்த்து அச்சுப் பிழை என்று நினைத்தேன். ஒரு மேசை, அதன்மேல் தட்டு வட்டமாக, மேலிருந்து பார்த்தது போல. அருகிலேயே கிண்ணம், பக்கத்திலிருந்து பார்த்தது போல. மேசையின் கால்கள் வேறு எங்கிருந்தோ.

கீழே இருந்ததைப் படித்தேன். பாரீஸில் சில ஓவியர்கள், நம் அப்பாக்கள் இளவட்டமாக இருந்த காலத்தில், ஓர் இடத்தில் நின்று பார்ப்பதை விட்டுவிட்டார்களாம். பொருளைச் சுற்றி வந்து, கண்டதையெல்லாம் ஒரே படத்தில் வைத்தார்களாம். கியூபிசம் என்று பெயர். நீ கேட்டது அதைத்தானே? வாய்விட்டுத் தமிழில் சொல்லிவிட்டு உன் நாற்காலிப் பக்கம் திரும்பினேன். பழக்கம்.

வருகிற ஞாயிறு வாசகசாலையில் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். தலைப்புக் கேட்டார்கள். ‘வரைந்தவன் எங்கே நின்றான்?’ என்று கொடுத்தேன். கட்சிக் கூட்டம் என்று ஏமாந்து வர யாரும் இல்லை. பத்துப் பேர் வந்தால் அதிகம். கேள்வி என் மனைவியுடையது என்று சொல்வேன். அதற்குப் பதில் அவள் கட்டிலுக்குப் பக்கத்தில், என் மடியிலேயே, மடிப்பு வெட்டாமல் இருந்தது என்றும் சொல்வேன்.

இன்னும் கொஞ்சம் தாள் ஒட்டியபடி இருக்கிறது. உனக்காக அதை அப்படியே வைத்துவிடுகிறேன் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். “மறுபடியும் மூடி வைக்கிறீங்களா?” என்று நீ கேட்பது காதில் விழுந்தது. மாட்டேன். ஞாயிறுதோறும் நாலு பக்கம் வெட்டுவேன், சத்தமாகப் படிப்பேன். கத்தியைத் துடைத்து உன் பென்சில் பெட்டியிலேயே வைப்பேன்.

பாதிக் கண்ணோடு,
உன் மாமன் மகன்