ஏழாம் நம்பர் மலையில் நிழல்

சித்திரை 8, திங்கள்

காலையில் பனி இல்லை. எட்டு மணிக்கே கூரைத் தகரம் சுடுகிறது. காற்றில் ஈரம் வேறு. துவைத்துப் போட்டது காயாமல் நாறுகிறது. அவருடைய கம்பளிச் சட்டையில் பூஞ்சணம். மோந்து பார்த்தேன். அவர் வாசம் போய்விட்டது. சீ.

கோதுமை மாவு புளித்துப் போச்சு, கொட்ட வேண்டும். லயத்துச் சாக்கடைக் கானில் சாம்பல் போட வேண்டும். ஈ.

தேவி போனில் வானிலை போட்டாள். யாரோ ஒரு பிள்ளை, சீனிக் குரல். இந்த வாரம் பகல் சூடு இன்னும் கூடுமாம். கடலிலிருந்து ஈரக்காற்று ஏறுதாம். பின்னேரம் இடி மழையாம். பொதுமக்கள் உச்சி வேளையில் நிழலில் இருக்க வேண்டுமாம்.

"ஏம்மா, நாமளும் பொதுமக்கள்தானா?" என்று தேவி சிரித்தாள். அப்பா போன பிறகு என் மகள் சிரித்தது இன்றுதான்.

ஏழாம் நம்பர் மலையில் நிழல் என்றால் ஒரே ஒரு வாகை மரம். அதில்தான் குளவிக்கூடு. அதன் கீழே புல் வெட்டப் போய்த்தான் அவர் கொட்டு வாங்கிச் செத்தார். நிழல்!

சித்திரை 9, செவ்வாய்

புழுக்கம். இடி மட்டும், மழை இல்லை.

கங்காணி வந்தான். அவர் போனதிலிருந்து ஏழாம் நம்பரில் யாரும் தேயிலைக் கொழுந்து எடுக்கவில்லை.

"கொழுந்து முத்துது அண்ணி. வெள்ளிக்கிழம மலைய தொறக்கிறோம். முனியாண்டிக்கு ஒரு சேவலக் குடுத்து, சாம்பிராணி போட்டு, தப்படிச்சு..."

"எத்தன மணிக்கு?"

"பன்னெண்டு. கண்டாக்கு ஐயா அப்பத்தான் வருவாரு."

முனியாண்டி கல் இருப்பது அந்த வாகை வேரில். உச்சி வெயில், கூட்டுக்கு நேர் கீழே புகை, தப்புச் சத்தம். குளவிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல. கொழுந்தெடுக்கிற பொம்பளைப் பிள்ளைகள் எல்லாரும் நிற்பார்கள். தேவியும்.

கூட்டை முதலில் எடுங்கள் என்றேன்.

"சாமி மரத்துல தீ வைக்கவா? என்னா பேச்சு அண்ணி! அண்ணன் பூசை போடாம கத்தி வச்சாரு, அதான் சாமி குத்தம் ஆயிருச்சு."

கடைவாயில் வெற்றிலை எச்சில். என் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொல்கிறான். பாடை தூக்கும்போது ஓவென்று அழுத வாயும் இதுதான். கோப்பையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். இரண்டு தரம்.

சித்திரை 10, புதன்

வெயில். கொசு. தலையிடி.

மலை வேலை பார்க்கிற கண்டாக்கைத் தேடி ஆபீசுக்குப் போனேன். ஐயாவின் கழுத்துப் பட்டி வேர்வையில் மஞ்சள்.

"வெயிலுக்கு அந்தக் கூடு தானா கலைஞ்சு போயிரும்மா. அது சரி, ஒங்களுக்குக் காரியம் இன்னும் முடியலியே? தீட்டோட வெளிய வரலாமா?" இரண்டடி பின்னால் போனார். எனக்கு நோய் வந்த மாதிரி.

தேவியைப் போகாதே என்றேன்.

"எல்லாரும் போறாங்க, நான் மட்டும் போகலேன்னா? பேர வெட்டிருவாங்கம்மா, அன்னிக்குச் சம்பளம் இல்ல."

சித்திரை 11, வியாழன்

சோறு மத்தியானமே ஊசிவிட்டது. பீலிக் குழாயில் தண்ணீர் நூல் மாதிரி.

பீலியில் மாரியக்கா யாரிடமோ: "முனியாண்டிக்கா சேவல்? ஒரு கால் கங்காணிக்கு, ஒரு கால் கண்டாக்குக்கு. சாமிக்கு மயிருதான் மிச்சம்." எல்லாரும் சிரிப்பு. என்னைப் பார்த்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். நான் தொட்ட தண்ணீரும் தீட்டு.

தீட்டு. அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சித்திரை 12, வெள்ளி

வெள்ளெனவே சூடு. வேலைக்காரர் வரும் முன்னால் ஏழாம் நம்பருக்குப் போய் முனியாண்டி கல்லின் மேல் உட்கார்ந்தேன். கால் நீட்டி, நன்றாக.

தலைக்கு மேலே கூடு இரைந்தது. அசையவில்லை. ஒரு குளவி மணிக்கட்டில் ஊர்ந்து போனது. அவரைக் கொட்டினது இதுவோ என்னவோ. அருவருப்பில் உடம்பெல்லாம் கூசியது. அடித்து நசுக்க வேண்டும் போல. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

உச்சிக்குச் சேவலோடு வந்தார்கள். பிள்ளைகள் ரோட்டில் கூடையோடு.

"அண்ணி! என்னா வேல இது!"

வாயில் விரல் வைத்து மேலே காட்டினேன். "மெதுவா பேசு."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தான். தப்புக்காரன் தப்பை மார்போடு அணைத்துக்கொண்டான்.

"கல்லே தீட்டாயிருச்சு! இனி இவுங்க காரியம் முடியணும், கல்லக் கழுவணும், அப்பறம்தான் பூசை." கங்காணி காறித் துப்பினான். பின்னால் ஒருத்தன்: "பொம்பளையா இது?"

பூசை போடாத மலையில் ஒருத்தியும் கை வைக்க மாட்டாள். கண்டாக்கு குடைக்குள் நின்று கத்தினார், அதுவும் தூரத்திலிருந்து. எல்லாரையும் நாலாம் நம்பருக்கு அனுப்பினார்கள். தேவி என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பின்னேரம் வந்து கூடையை விட்டெறிந்தாள். "நாளைக்கு காலைல பேர் கூப்புடுற பெரட்டுல எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு நிக்கிறது?"

"இருக்கிற மூஞ்சிய வச்சிக்கிட்டு நில்லு. கழுவிட்டு வா, சாப்பிடலாம்."

சாப்பிடவில்லை. படுத்துவிட்டாள்.

சித்திரை 13, சனி

சூடு குறையவில்லை. வேர்க்குரு.

கங்காணி வந்தான். உள்ளே வரவில்லை, தேத்தண்ணி வேண்டாமாம். குரலில் தேன். "காரியத்த திங்கக்கிழமையே வச்சிருவமா அண்ணி? செலவெல்லாம் தோட்டம் பாத்துக்கும்."

அவர் செத்த அன்று லொறி கேட்டதற்கு இல்லை என்ற தோட்டம்.

கூட்டை எடுத்தாச்சா என்றேன். மரத்தில் கை வைக்க மாட்டார்களாம்.

"அப்ப இந்த வெக்கையும் குளவியும் அடங்கட்டும். அதுக்கப்பறம் காரியம்."

"தள்ளிப் போட்டா அண்ணன் கரையேற மாட்டாரு. பேயா அலைவாரு, பாத்துக்கங்க!"

தேவி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அலையட்டும்" என்றேன்.

கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைத் தேவிதான் போட்டாள்.