காய்ந்த மண்ணின் எடை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சௌக்கியம். ஒப்புக்கு எழுதுகிற சௌக்கியம் இல்லை இது, நிஜமான சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும், உன் கழுத்து வலி எப்படி இருக்கிறது என்று மறக்காமல் எழுது. மூன்று வாரமாக நான் போனில் சுரத்தே இல்லாமல் பேசுவதாக நீ சொன்னபோது வெயில் என்று சமாளித்தேன். வெயிலும் இல்லை, ஒன்றும் இல்லை. அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, அவகிட்ட மூச்சு விடாதே, பதறிப்போய் டிக்கெட் எடுத்துடுவா என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். இப்போது எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டதால் சொல்கிறேன், திட்டாமல் படி.

நம் பால்கனி எவ்வளவு என்று உனக்கே தெரியும், நாலடிக்கு ஒன்பதடி. அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஆறு மாதம் டிவிக்கும் சமையலறைக்கும் நடந்து என் உயிரை வாங்கினார். ஒரு நாள் புதினாத் தண்டு ஒன்றை டப்பாவில் செருகி வைத்தார், அது துளிர்த்ததும் மனுஷருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. தக்காளி, கீரை, பச்சை மிளகாய், கம்பியில் கயிறு கட்டி அவரை, சுவரில் பாட்டிலை வெட்டி வரிசையாகத் தொங்கவிட்டது என்று ஒரு சாண் இடம் மிச்சம் வைக்கவில்லை. துணி காயப்போட நான் பக்கவாட்டில்தான் நுழைய வேண்டும். இவ்வளவு பாரம் ஆகாதுங்க என்று நான் சொன்னதற்கு, முப்பத்தோரு வருஷம் கிடங்குல தராசு பிடிச்சவன்கிட்ட எடையைப் பத்திப் பேசறியா என்றார். சொன்னதோடு நிற்காமல் ஒவ்வொரு தொட்டியையும் எடை போட்டு, சாக்கட்டியால் அதன் மேலேயே எழுதினார். அங்கேதான் தப்பு நடந்தது. அவர் கிடங்கில் ஈர மூட்டையைத் தராசில் ஏற்றவே மாட்டார்கள், காயவைத்துத்தான் எடை போடுவார்கள். அதே பழக்கத்தில் தொட்டி எல்லாவற்றையும் மண் நன்றாகக் காய்ந்த பிறகு எடை போட்டிருக்கிறார். அதன் பிறகு தினமும் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறோமே என்று அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்று சாக்கட்டி எடுத்துக் கொடுத்த எனக்கும் தோன்றவில்லை.

போன மாதம் ஒரு காலையில் கீழ் வீட்டுத் தையல்காரம்மா பால்கனியில் மெஷின் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். நூல்கண்டு எடுக்க உள்ளே போன நேரம், மேலேயிருந்து, அதாவது நம் பால்கனியின் அடிப்பக்கத்திலிருந்து, தட்டு அகலத்துக்குக் காரை பெயர்ந்து அவள் உட்கார்ந்திருந்த ஸ்டூல் மேலேயே விழுந்தது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். அவள் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை, அதுதான் அப்பாவை அதிகமாகச் சுட்டது. மேலே வந்து ஒரு தொட்டிக்கு நிறையத் தண்ணீர் ஊற்றி மறுபடி எடை போட்டார். சாக்கட்டியில் இருபது கிலோ, தராசில் முப்பத்திரண்டு. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அந்தப் பொம்பளையைக் கொன்னிருப்பேன் என்று அன்றைக்கு எத்தனை தடவை சொன்னார் என்று கணக்கில்லை. தொட்டி எல்லாம் கூடத்துக்கு வந்துவிட்டது, சோபா முழுக்க மண். பால்கனிக்கு ஒருவர்தான் போக வேண்டும் என்று சட்டம் போட்டார். நான் துணி எடுக்கப் போனால் கதவுக்கு உள்ளே நின்று என் முந்தானையைப் பிடித்துக்கொள்வார். விழுந்தா முந்தானைதான் உங்க கையில மிஞ்சும் என்று கேலி செய்தேன், அவர் சிரிக்கவில்லை. எனக்கும் உள்ளுக்குள் பயம்தான் பாப்பா, பால்கனி பற்றி அல்ல, அவர் பழையபடி டிவி முன்னால் உட்கார்ந்துவிடுவாரோ என்று.

பால்கனியைச் சோதிக்க அப்பா கூப்பிட்ட இன்ஜினியர் நேற்று வந்தாள், உன் வயதுதான் இருக்கும். மேலேயும் கீழேயும் சுத்தியலால் தட்டித் தட்டி ஒரு மணி நேரம் பார்த்தாள். அப்பா பரீட்சை முடிவுக்கு நிற்கிற பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தளமும் அதற்குள் இருக்கும் கம்பியும் நன்றாக இருக்கின்றன, தண்ணீர் போகிற ஓட்டையை மண் அடைத்திருக்கிறது, தேங்கிய நீர் ஊறி மேல்பூச்சு மட்டும் பெயர்ந்திருக்கிறது என்றாள். எனக்குப் போன உயிர் வந்தது. கனமான தொட்டி எல்லாம் சுவர் ஓரம், கம்பி ஓரம் லேசானது மட்டும், எடை குறைய மண்ணில் பாதிக்குத் தேங்காய் நார்க்கழிவு கலக்க வேண்டும் என்று சொன்னாள். தையல்காரம்மா, பாதித் தொட்டியை எனக்குக் குடுத்துடுங்க, தலைக்கு மேல இருக்கறதைவிடக் கண் முன்னால இருந்தா நிம்மதி என்றாள். அப்போதுதான் அப்பா சிரித்தார்.

இன்ஜினியர் கிளம்பும்போது அப்பா, இதில் எத்தனை பேர் சேர்ந்து நிற்கலாம் என்று கேட்டார். ஆறு பேர்கூட நிக்கலாம் சார், பயப்படாதீங்க என்றாள். அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடும்மா என்று விடாப்பிடியாக வாங்கினார். இன்று காலை, தையல்காரம்மாவுக்குப் பாதி போக மிச்சத் தொட்டிகளைத் திரும்ப அடுக்கினோம். நடுவில் நாலு மடக்கு நாற்காலிக்கு இடம் அளந்து விட்டிருக்கிறார். நாம ரெண்டு பேர்தானே, அங்கே இன்னும் ரெண்டு தொட்டி வைக்கலாமே என்றேன். கையைத் தட்டிவிட்டார், அது பாப்பாவும் மாப்பிள்ளையும் உட்கார்ற இடம் என்றார்.

உங்கள் வீட்டு பால்கனியில் தண்ணீர் போகிற ஓட்டையை இன்றே குச்சி விட்டுப் பார். வேளைக்குச் சாப்பிடு. இரண்டு பேரும் நூறு வருஷம் நன்றாக இருங்கள். லீவு எப்போது என்று அப்பா கேட்கமாட்டார், நான் கேட்கிறேன்.

உன் வரவை எதிர்பார்க்கும்,
அம்மா